தலைவர் நாற்காலி இல்லாத சங்கம்

காட்டுப்பள்ளிக் குப்பத்தில் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவர் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது அங்கே துறைமுகமும் கிடையாது, கப்பல் கட்டும் தளமும் கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே மணல். ஏதோ ஒரு கணக்கெடுப்புக்காக நான் போயிருந்தேன். வேலை முடிந்து வலை உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது, காலையிலேயே போதையில் வந்த ஒருவருக்கு நான் புத்தி சொல்ல ஆரம்பித்தேன். கல்லீரல் கெடும், குடும்பம் கெடும் என்று பத்து நிமிஷம் சொல்லியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க குடிச்சிருக்கீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "அப்ப உங்களுக்கு இது தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். குரலில் கோபம் இல்லை. படகு ஓட்டத் தெரியாதவனிடம் நீரோட்டத்தைப் பற்றிப் பேசி என்ன பயன் என்பது போன்ற குரல்.

எனக்கு அந்தக் கேள்வி புதிதும் அல்ல. என் அண்ணனும் அதையேதான் வேறு மாதிரி கேட்டிருந்தார்.

நாங்கள் பாண்டிச்சேரியில் பிறந்தவர்கள். பிரெஞ்சு வழியில் படித்தோம். அப்பா காலமான பிறகுதான் அம்மாவின் ஊர்ப் பக்கம், பொன்னேரிக்கு, நானும் அம்மாவும் வந்தோம். அண்ணன் பாண்டியிலேயே தங்கிவிட்டார். (நான் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்காகத் தமிழில் கோப்பு எழுதக் கற்ற கதையை முன்பே எழுதியிருக்கிறேன். இன்றும் சந்திப்பிழை வரும், பொறுத்தருள்க.) பள்ளியில் எங்கள் முசே ஒருவர் எமில் ஸோலாவின் 'லஸொம்முவார்' நாவலிலிருந்து பகுதிகளை வாசிக்க வைப்பார். 1877-ல் புத்தகமாக வந்தது. கூரை வேலை செய்யும் கூப்போ என்பவன் குடித்துக் குடித்து, கடைசியில் பாரிசின் சேன்த்-ஆன் மருத்துவமனையில் உடம்பு உதறி உதறிச் சாவான். அண்ணன் எனக்கு நாலு வகுப்பு மேலே. அந்த நாவலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத்தான் முசே என் வகுப்பிலும் படித்துக் காட்டினார். அதே அண்ணன் 1978-ல், நாற்பது வயது நிரம்புமுன், ஏறக்குறைய கூப்போவைப் போலவே போனார். குடியின் கேடுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. நான் சொன்னதெல்லாம் அவர் எனக்கு முன்பே, என்னைவிட நல்ல பிரெஞ்சில் எழுதியவை.

ஆகவே கேள்வி இதுதான். குடிநோயிலிருந்தும் மனநோயிலிருந்தும் மீள்கிறவர்களுக்கென ஒரு கூட்டம் அமைந்தால் அதை யார் நடத்த வேண்டும்? படித்தவரா, வைத்தியரா, ஊர்த் தலைவரா, குடும்பத்தாரா, அல்லது அதே சேற்றில் விழுந்து எழுந்தவரா? ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றி கிடைத்ததையெல்லாம் படித்தேன். உலகம் பல இடங்களில் பல விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

முதலில் பிரான்ஸ். எங்கள் பாடப் புத்தகங்களில் டாக்டர் பிலிப் பினேல் ஒரு பெரிய மனிதர். புரட்சிக் காலத்தில் மனநோயாளிகளின் சங்கிலியை அறுத்தவர் என்று படித்தோம். தோனி ரொபேர்-ஃப்ளரி 1876-ல் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. அதில் பினேல் கம்பீரமாக நிற்பார், பக்கத்தில் ஒரு பெண்ணின் விலங்கை அவிழ்ப்பார்கள். பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பிசேத்ர் விடுதியில் சங்கிலியை எடுத்தவர் பினேல் அல்லர். அவர் 1795-லேயே அங்கிருந்து சால்பெத்ரியேருக்கு மாறிப் போய்விட்டார். 1797-ல் அதைச் செய்தவர் ழான்-பத்தீஸ்த் புஸ்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்துக் கழலை நோய்க்காக பிசேத்ருக்கு வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மனநோயாளிகள் பிரிவுக்கே மேற்பார்வையாளர் ஆனவர். மனைவியும் அவரோடு சேர்ந்து அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். இந்தப் புஸ்ஸேன் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு முக்கியம். பணியாட்களை எடுக்கும்போது, நோயிலிருந்து தேறியவர்களையே தேடி எடுத்தார். அவர்கள் அடிக்க மாட்டார்கள், ஏனென்றால் அடி வாங்கியவர்கள். பினேல் நேர்மையானவர், புஸ்ஸேனிடம் தான் கற்றதை எழுதி வைத்தார், பிறகு அவரைத் தன்னிடமே வரவழைத்துக்கொண்டார். ஆனாலும் ஓவியத்தின் நடுவில் நிற்பது டாக்டர்தான். நாற்பது வருஷம் கோப்பு எழுதியவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. குறிப்பு எழுதியவன் ஒருவன், கையெழுத்து போட்டவர் ஒருவர்.

அடுத்து அமெரிக்கா. 1935 மே மாதம். நியூயார்க்கின் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர், வியாபார விஷயமாக ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்து, வந்த காரியம் தோற்று, ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். வைத்தியரைத் தேடவில்லை. என்னைப் போல் குடிக்கிற வேறொருவர் இந்த ஊரில் இருக்கிறாரா, நான் அவரோடு பேச வேண்டும் என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அறுவை சிகிச்சை மருத்துவர், தானும் மீள முடியாத குடிகாரர். கால் மணி நேரம் என்று உட்கார்ந்த பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஆம் தேதியைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

கவனியுங்கள், பில் அந்த டெலிபோனை எடுத்தது பாப்பைக் காப்பாற்ற அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. நான் அந்தக் காட்டுப்பள்ளிக்காரரிடம் பேசியது அவரைத் திருத்த. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பேச்சைக் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

அந்த ஏ.ஏ. கூட்டங்கள் பெருகியபோது, தலைமை பற்றிய சண்டை அங்கேயும் வந்தது. அவர்கள் கண்ட வழி விசித்திரமானது. கூட்டத்தை நடத்துகிறவர் ஆள்பவர் அல்ல, பணியாள் என்று விதி செய்தார்கள். பொறுப்புகள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், பிறகு அடுத்தவருக்கு. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. பத்திரிகையில் முழுப் பெயர் போடுவதில்லை. இவற்றையெல்லாம் 1950-ல் கிளீவ்லாந்தில் கூடி ஏற்றார்கள். பில் வில்சனுக்கு யேல் பல்கலைக்கழகம் 1954-ல் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது வேண்டாம் என்றார். 1955-ல் சங்கத்தின் பொறுப்பை உறுப்பினர்களின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். நம் ஊரில் கௌரவ டாக்டர் பட்டத்துக்காக நடக்கும் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புராணக் கதை போலத் தோன்றும். நம் நாட்டுக்கு ஏ.ஏ. 1957-ல் தில்லி வழியாக வந்தது. இன்று சென்னையிலும் கடலோர ஊர்களிலும் தமிழில் கூட்டங்கள் நடக்கின்றன.

சர்க்கார் வழி வேறு. சேலம் மாவட்டத்தில் 1937-ல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார், 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் இருந்த பிரெஞ்சுப் பாண்டியில் விலக்கு கிடையாது. எல்லையைத் தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். 1971-ல் தமிழ்நாட்டில் கடை திறந்தது, 1973, 74-ல் மூடியது, 1981-ல் மறுபடி திறந்தது, 1987 தொடக்கத்தில் சாராயமும் கள்ளும் மட்டும் மூடின. 2003-லிருந்து டாஸ்மாக் தானே சில்லறை விற்பனையும் செய்கிறது. திறந்தபோது ஒரு கோப்பு, மூடியபோது ஒரு கோப்பு. 1981-க்குப் பிறகு சில வருஷம், கடை ஏலத்துக்கான பட்டியல்களை நானே நகல் எடுத்திருக்கிறேன். அண்ணன் போய் மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கை நடுங்கியதா என்றால், இல்லை. சம்பளத் தேதியில் சம்பளம் வந்தது. இதை எங்கேயாவது ஒரு முறை எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், இங்கே எழுதிவிட்டேன்.

நம் பழவேற்காடு ஏரியின் வடகரை ஆந்திரம். அந்த நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற கிராமத்தில், 1992 வாக்கில், அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் சாராயக்கடையை மூட வைத்தார்கள். முன்னால் நின்றவர் ரோசம்மா. பாடப் புத்தகத்தில் குடிகாரக் கணவனைப் பற்றி ஒரு கதை இருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் இது நம் கதை அல்லவா என்று எழுந்தார்கள். தீ மாவட்டம் முழுதும் பரவி, 1993-ல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது, 1995-ல் முழு மதுவிலக்கு வந்தது. 1997-ல் அது தளர்ந்தும் போயிற்று. ஸோலாவைப் படித்த என் அண்ணனை அந்த எழுத்து நிறுத்தவில்லை, ஒரு சின்னப் பாடம் நெல்லூர்ப் பெண்களை எழுப்பியது. ஏன் என்று யோசித்திருக்கிறேன். அண்ணன் தனியாகப் படித்தார், அவர்கள் கூடிப் படித்தார்கள். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். ஆனால் கடை மூடிய மறுநாள் கை நடுங்கி, தூக்கம் கெட்டுக் கிடந்த ஆண்களுக்கு யார் துணை நின்றார்கள் என்பதை அந்தப் போராட்டம் பேசவில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல.

அந்த வேலையைச் சென்னையில் எடுத்தவர் ஒரு விதவைப் பெண். தொழிலதிபரும் மத்திய நிதியமைச்சருமாக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன், 1979-ல் குடிநோயால் இளம் வயதில் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன். பணம், செல்வாக்கு, வெளிநாட்டுச் சிகிச்சை எல்லாம் இருந்தும் காப்பாற்ற முடியாத வீடு அது. அதை மூடி மறைத்துவிட்டு வாழ்ந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்கள் செய்தது அதுதான். எங்கள் சின்னக் குடும்பமும் செய்தது. அண்ணன் மஞ்சள் காமாலையில் போனதாகத்தான் உறவினர்களுக்குச் சொன்னோம். சாந்தி அம்மையார் புகுந்த வீட்டாரின் துணையோடு 1980-ல் கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். பெயர்ப் பலகையே, என் கணவர் இதனால் இறந்தார் என்று ஊருக்குச் சொல்வது போல் இருந்தது. பின்னர் அது அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. குடிப்பவருக்கு மட்டும் அல்ல, கூட வரும் மனைவிக்கும் தாய்க்கும் அங்கே தனியாக வகுப்பு உண்டு. 1992-ல் பத்மஸ்ரீ, 1999-ல் ஐ.நா.வின் வியன்னா சிவில் சொசைட்டி விருது.

இதில் கிராமத்து வாசகர்களுக்குப் பொருத்தமானது மஞ்சக்குடி முகாம். பழைய தஞ்சை மாவட்டத்து ஊர், இன்று திருவாரூர் மாவட்டம். 1989-ல் அங்கே டி.டி.கே. குழு போய், ஊரிலேயே முகாம் போட்டுச் சிகிச்சை தந்தது. இடம், சாப்பாடு, ஆட்களைக் கூட்டி வருவது எல்லாம் உள்ளூர்க்காரர்கள் பொறுப்பு. முகாம் முடிந்தபின்னும் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பார்கள். பட்டணத்து மருத்துவமனைக்குப் போனால், திரும்பி வந்ததும் பழைய தோழர்கள் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருப்பார்கள். ஊரிலேயே நாலு பேர் சேர்ந்து விட்டால், அந்த நாலு பேர் ஒருவருக்கொருவர் காவல்.

மனநோய்ப் பக்கம் வைத்தியர்களே முன்னால் வந்தார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை நடத்திய டாக்டர் சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர்களில் ஒருவர். ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மருந்து கொடுத்து அனுப்பினால் போதாது, அவருக்கு வேலையும் வீடும் வேண்டும் என்று விடாமல் சொன்னவர். ஓய்வூதியக்காரர்களாகிய நாம் பூங்காவில் உட்கார்ந்து அகவிலைப்படி பற்றிப் பேசும் வயதில் அவர் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் காலமானார்.

சங்கிலி பற்றிச் சொன்னேன் அல்லவா? பிசேத்ரில் 1797-ல் எடுத்த சங்கிலி, நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையிலும் இருந்தது. கீற்றுக்கொட்டகை தீப்பிடித்து, கட்டிப்போட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு இடம் தெரியாதவர்கள். அந்தச் செய்தியை வாசித்த அன்றுதான் நான் அண்ணனைப் பற்றி என் மனைவியிடம் முழு உண்மையும் சொன்னேன்.

இனி நம் ஊர் விஷயம். பழவேற்காட்டில் பாடு முறை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் இன்றைக்கு இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டுக்காரர்கள் இதைப் பரம்பரையாகச் செய்து வருகிறார்கள். கெட்டிக்காரன், சோம்பேறி, பணக்காரன், ஏழை எல்லாருக்கும் நல்ல இடமும் வரும், மோசமான இடமும் வரும். இதில் உரிமை இல்லாத சமூகத்தாருக்குப் பாடு முறை மேல் மனக்குறை உண்டு, அது நியாயமும்கூட. தலைக்கட்டுப் பட்டியலில் பெண்களுக்கு இடம் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் யாரும் ஒரே இடத்தில் நிரந்தரமாக உட்காரக் கூடாது என்ற எண்ணம் இந்தக் கடற்கரைக்கு அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை.

குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்து குடிக்கு வழக்கமாக வைத்தது தண்டம். சண்டை போட்டால் இவ்வளவு, பெண்ணை அடித்தால் இவ்வளவு. ஊரின் அமைதிக்கு அது உதவியது. குடித்தவருக்கு உதவியதா? தண்டம் கட்டக் கடன், கடனை மறக்கக் குடி. ஊர்த் தலைவர் ஒரே சமயத்தில் நீதிபதியாகவும் நோயாளியின் துணையாகவும் இருக்க முடியாது. தண்டம் போடுபவரிடம் நேற்று ராத்திரி குடித்தேன் என்று யார் ஒப்புக்கொள்வார்? 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரையில் ஸ்நேகா அமைப்பைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு வீடாகப் போய், புத்தி சொல்லாமல், வெறுமனே கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களின் மனவேதனை, அப்படித் துணை கிடைக்காத குடியிருப்பில் இருந்தவர்களைவிட நன்றாகக் குறைந்தது. பத்து நிமிஷம் பேசிய நான் அந்த இடத்தில் தோற்றதற்குக் காரணம் இதுதான்.

ஆக, அனுபவப்பட்டவரே தலைவர் என்று முடித்துவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. விழுந்து எழுந்தவர் மறுபடி விழலாம். மேடை ஏற்றி, மாலை போட்டு, இவரைப் பார்த்துத் திருந்துங்கள் என்று ஊர் சொன்ன மனிதர் சறுக்கினால், அவரை நம்பிய பத்துப் பேரும் சறுக்குவார்கள். அவருக்கோ அதைச் சொல்ல வாயும் இருக்காது. ஒருவரே நிரந்தரத் தலைவர் என்றால், அவர் விழுவதற்குக்கூட உரிமை இல்லாதவர் ஆகிவிடுகிறார். முறை மாற்றி வைப்பது அடக்கத்துக்காக மட்டும் அல்ல, பாதுகாப்புக்காகவும் என்று எனக்குத் தோன்றுகிறது. வைத்தியரும் வேண்டும். பல வருஷம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். அதற்கு மருந்தும் கண்காணிப்பும் வேண்டும், நல்ல வார்த்தை போதாது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களுக்கும் தேவைப்பட்டது ஆஸ்பத்திரிதான்.

முதலில் சொன்னவரை நான் மறுபடி பார்த்தது போன வருஷம். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுடைய விதி அது. மருமகள் நடத்தும் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்கு நினைவில்லை. விட்டுப் பதினேழு வருஷம் ஆகிறதாம், நடுவில் இரண்டு முறை சறுக்கினாராம். வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் வலை பின்னும் கூடத்தில் கூடுகிறார்கள். நீங்கள்தான் தலைவரா என்று கேட்டேன்.

"இல்ல சார். கூடத்துச் சாவி மாசம் ஒருத்தர்கிட்ட இருக்கும். சாவி இருக்கிறவரு பாய் விரிக்கணும், டீ சொல்லணும். அவ்வளவுதான்."

இந்த மாதம் யாரிடம் என்றேன். கரையில் வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பையனைக் காட்டினார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். விட்டு இன்னும் முழுதாக நாலு மாதம்கூட ஆகவில்லையாம்.

"அவனுக்கு இப்பவே குடுத்தீங்களா?"

"அவன்கிட்டதான் சார் இருக்கணும். சாவி இருந்தா வந்துதானே ஆகணும்?"

பிறகு, எனக்கு எதிர்பாராத வகையில், "உங்க வீட்டுல யாராச்சும் உண்டா சார்?" என்று கேட்டார். அண்ணன் என்றேன். எழுந்து போகவில்லை. உள்ளே திரும்பி மருமகளிடம் இன்னொரு டீ சொன்னார்.